தொப்பூர்க் கட்டையை மீட்டுக் கொடுத்த கிளார்க்கம்மாவுக்கு

அன்பின் உறைவிடமே! ஆற்றல்மிகு அம்மையே! தருமபுரி கொல்லர் தச்சர் கூட்டுறவுச் சங்கத்தின் தட்டச்சுத் தாயே! பதினாறு ஆண்டுகள் எங்கள் கிறுக்கல்களையெல்லாம் கடிதங்களாக்கிய இன்னாசியம்மாள் அவர்களே, வணக்கம்! "இதெல்லாம் எதுக்குங்க?" என்று நீங்கள் தலையைக் குனிந்துகொள்வது தெரிகிறது. இத்தனை நாள் நீங்கள் எங்களை அடக்கியது போதும். இன்று ஒரு நாள் எங்கள் முறை.

காலந்தவறாக் கடமையும், கறை படியாக் கைசுத்தமும், கண்டிப்பும் கனிவும் ஒருங்கே பெற்றவர் நீங்கள். ஓர் எழுத்துப் பிழையானாலும் முழுத்தாளையும் மாற்றி அடிப்பீர்கள். தாமதமாக வந்தவரை ஒரு பார்வை பார்ப்பீர்கள். அதற்கு எங்கள் உலைச் சூடே தேவலை. ஆனாலும் இந்த மடலை ஒரே ஒரு காரியத்துக்காக எழுதுகிறோம்.

மலைப்பாதையில் நிற்கும் லாரியின் பின் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் கட்டைக்கு, கையை உள்ளே விடாமல் தள்ளுவதற்கு நீண்ட இரும்புப் பிடி வைத்துச் செய்வதே எங்கள் பட்டறையின் முக்கிய வேலை. தொப்பூர் மலை ஏறும் லாரிகளிலெல்லாம் அது கிடக்கும்; பேரே தொப்பூர்க் கட்டை. 1969-இல் வெளியூர்க் கம்பெனி ஒன்று, அது தன் கண்டுபிடிப்பென்றும், 1966-இல் மனுச்செய்து பேடண்ட் உரிமை பெற்றதாகவும், நாங்கள் உடனே நிறுத்த வேண்டுமென்றும் வக்கீல் நோட்டீசு அனுப்பியது. அன்றே உலை அணைந்தது. முப்பத்தொரு குடும்பங்கள் கைபிசைந்து நின்றன. "கோர்ட்டு கச்சேரியெல்லாம் நமக்கு ஆவாதுங்க. லாரிக்காரங்க பழையபடி கல்லையே வெச்சிக்கட்டும்" என்றார் தலைவர் நஞ்சப்பன். "கல்லு நழுவுனா யாரு கை போவுமுங்க? நான் எழுதறேன், நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றீர்கள்.

உதவுகிறோம் என்று நாங்கள் செய்தது உபத்திரவம்தான். நாங்களும் லாரிக்காரர்களுமாக நாற்பது பேர் சாட்சி எழுதிக் கொடுத்தோம். நாற்பதிலும் "ஆதியிலிருந்தே இருக்கிறது" என்றே இருந்தது. 1966-க்கு முந்தைய தேதியிட்ட ஆதாரம் ஒன்றாவது வேண்டும் என்றார் சென்னை வக்கீல். எங்களிடம் ஏது? விற்பனைச் சீட்டிலும் 'இரும்புச் சாமான்' என்றுதான் எழுதி வந்தோம்.

அப்போது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஓடற லாரியில என்ன கெடக்குதுன்னு யாருங்க எழுதறாங்க? கவுந்த லாரியில கெடக்கறத போலீசு எழுதித்தான் ஆவணும்." எந்த லாரி என்று நாங்கள் கேட்கவில்லை. 1959 ஜூலையில் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்த லாரியை ஓட்டிச் சென்று உயிரிழந்தவர் உங்கள் கணவர் யாகப்பன்.

பத்தாண்டுகள் அந்த விபத்து வழக்கின் ஒரு தாளைக்கூட நீங்கள் பார்த்ததில்லை. சேலம் பஸ்சில் போனால், தொப்பூர் தாண்டும் வரை கண்ணை மூடிக்கொண்டு செபமாலை உருட்டுவீர்கள். அப்படிப்பட்டவர் நகல் மனுப் போட்டு, நீதிமன்றப் பதிவறையின் படியில் நான்கு நாள் காத்திருந்து, விபத்து நடந்த இடத்தில் கிடந்ததையெல்லாம் போலீசார் பட்டியலிட்டு எழுதிய மகஜரை வாங்கி வந்தீர்கள். உடைந்த கண்ணாடி, இரத்தக்கறை படிந்த துண்டு, ஒரு சோடி செருப்பு, அடுத்த வரியில், "இரும்புப் பிடி போட்ட சக்கரக் கட்டை ஒன்று." அதை நீங்களே தட்டச்சு செய்தீர்கள். ஒரு பிழையும் இல்லை. வெளியே நின்ற நாங்கள் அழுதோம். நீங்கள் அழவில்லை.

1971-இல் உயர்நீதிமன்றம் அந்த மகஜரையே ஆதாரமாகக் கொண்டு உரிமையை ரத்து செய்தது. தந்தி வந்த மாலையே உலை மூட்டினோம்.

ஓய்வு பெறும் உத்தமியே! உடல் நலமும் உள்ள நிறைவும் பெற்று, எங்களை மிரட்டியதுபோல் பேரப்பிள்ளைகளையும் மிரட்டிக்கொண்டு நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். இனிப் பட்டறையில் செய்யும் பொருள் ஒவ்வொன்றையும் படம் போட்டு, தேதியிட்டு எழுதி வைப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். இன்று காலை நஞ்சப்பனே முதல் பக்கத்தை எழுதினார். இரண்டு வரிக்கு ஒரு மணி நேரமாயிற்று, பிழையும் இருக்கும். எத்தனை நோட்டீசு வேண்டுமானாலும் வரட்டும். எங்கள் தொழிலை நிரூபிக்க ஒருத்தி தன் வீட்டுச் சாவைத் தேடிப் படியில் காத்திருக்கும் நிலை இந்தச் சங்கத்துக்கு இனி வராது.

தருமபுரி,
30.6.1976

என்றும் நன்றியுடன்,
சங்கத் தொழிலாளர்கள் முப்பத்தொருவர்
(எழுதிப் படிப்பவன்: காளியப்பன், தச்சுப் பிரிவு)