மாமன் கேட்ட இரண்டு கேள்விகள்

ஓடுகிறோம். செல்லம் என் இடுப்பில். ராசுவின் கையை மீனா பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். உழுத வயல். மண்கட்டி காலைக் குத்துகிறது. 1942, ஆவணி மாதம். வெயில் சாயத் தொடங்கிவிட்டது. எதிரே கீழக்குயில்குடி மலை.

முதல் துப்பாக்கி வெடி. பலகையைப் பாறையில் ஓங்கி அடித்தது போன்ற சத்தம். மலை அதைத் திருப்பிச் சொல்கிறது. ஒன்றா இரண்டா என்று புரியவில்லை. பிறகு நிச்சயமாக இன்னொன்று.

வரப்பில் நின்ற ஒரு பெண் கத்துகிறாள். “தாயீ! அங்கிட்டுப் போகாதீக! போலீசு லாரி நிக்குது! பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுத் திரும்பிருங்க!”

திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் அந்த மலையில் இருக்கிறார்.

அவர் பள்ளிக்கூட வாத்தியார். சரித்திரம், பூகோளம். வெள்ளையனே வெளியேறு என்று ஊர்வலத்தில் முன்னால் போனார். போலீஸ் தேடியது. எங்கள் வில்லாபுரத்துத் தெருவிலிருந்த மில் தொழிலாளி மாரியும் அவரும் மலைக்குப் போய்ச் சமண முனிவர்களின் கற்படுக்கைகளுக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளின் பேரை அடித்துவிட்டார்கள். சரி, போங்கள் என்று நானே வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

மூன்று பேருக்கும் ஒரே பாடம். தனித்தனியாக உட்கார எனக்கு நேரம் ஏது? ஒரு சங்கதியை எடுப்பேன். ஐந்து வயசு செல்லம் யார் என்று சொல்ல வேண்டும். ஒன்பது வயசு ராசு எங்கே என்று தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்ட வேண்டும். பதின்மூன்று வயசு மீனா ஏன் என்று விளக்க வேண்டும். ராசு வரைந்தால் அச்சு அசலாக இருக்கும். வைகையை அது வற்றிப்போகிற இடம்வரை இழுத்துவிடுவான். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததையும் இப்படித்தான் படித்தார்கள்.

இரண்டு தடவை மலைக்கும் போனோம். பார்க்கிறவர்களுக்கு நான் பிள்ளைகளுக்குப் பழைய சிற்பம் காட்ட வந்த பொம்பளை. துணிப்பையின் அடியில் அவருக்குச் சோறு இருந்தது. கற்படுக்கையில் உட்கார்ந்து அவரே பாடம் எடுத்தார். தாடியைப் பார்த்துச் செல்லம் முதலில் அழுதாள். அப்புறம் மடியை விட்டு இறங்கவில்லை.

நாங்கள் ஓடிய அன்று காலையில் நான் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். அந்த நேரத்தில் என் தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறான். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அம்மா போனபின் நான் தூக்கி வளர்த்தவன். செல்லத்துக்கு அவன் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். முந்தின வாரம் எங்கள் பாடத்தில் வந்து உட்கார்ந்து முழுக்கக் கேட்டான். “அக்கா, அத்தான் வேலையை நீ பிடுங்கிருவ போலயே!” என்று கேலி பேசிவிட்டுப் போனான்.

வெளியாளிடம் வாய் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளைப் பழக்கியிருந்தேன். தாய்மாமன் எப்படி வெளியாள் ஆவான்? அது எனக்கே தோன்றவில்லை.

உச்சி வெயிலில் திரும்பி வந்தேன். தரையில் சுண்ணக்கட்டிக் கோடுகள். ஆலமரம். தாமரைக் குளம். அய்யனார் கோயில். படிகள். படி முடிந்ததும் வலப்பக்கம் ஒரு பாறை. பாறைக்குப் பின்னால் ஒரு வட்டம். அவர் ஒளிந்திருந்த இடம்.

செல்லம் அல்வா ஒட்டிய வாயோடு ஓடி வந்தாள். “மலைல யாரு இருக்கான்னு மாமா கேட்டுச்சும்மா. அப்பான்னு சொன்னேன்!”

ராசுவுக்கும் பெருமை தாங்கவில்லை. “எங்கன்னு என்னயக் கேட்டாரு. எம்புட்டு நல்லா வரைஞ்சிருக்கடா மாப்ளன்னாரு.”

பின்கட்டிலிருந்து மீனா வந்தாள். அரிசி களைந்த கை ஈரமாக இருந்தது. “என்கிட்ட ஒண்ணுமே கேக்கலம்மா. வாரேன்னு சொல்லிட்டு வெரசாப் போயிட்டாரு.”

அவ்வளவுதான். புரிந்துவிட்டது. பிள்ளைகளை விட்டுப்போக ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள் அவன்தான். மூவரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மலையடிவாரம். லாரி நிற்கிறது. ஆலமர நிழலில் குடையோடு என் தம்பி. என்னைப் பார்த்துவிட்டான். “அக்கா, கிட்ட வராத! பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ!” அந்தக் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதட்டல்தான் இருந்தது.

படியில் மாரி நடந்து வருகிறான். கை பின்னால் கட்டியிருக்கிறது. அவரைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வருகிறார்கள். வேட்டி முழுக்க ரத்தம். “அப்பா!” என்று செல்லம் கத்துகிறாள். அவர் திரும்பவில்லை. லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு மதுரைப் பக்கம் போனது.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. இழந்த கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர். லாரி ஊரைத் தொடும்முன்னே உயிர் போய்விட்டது என்றார்கள். மாரி. ஜெயிலில் காய்ச்சல் கண்டு இறந்தான். அவன் அம்மா இன்றுவரை என் முகத்தில் விழிப்பதில்லை. வில்லாபுரத்து வீடு. அதுவும் கையைவிட்டுப் போய்விட்டது, இப்போது வேறு தெருவில் இருக்கிறோம். என் தம்பி. அவன் நன்றாகத்தான் இருக்கிறான். உத்தியோகம் உயர்ந்தது. சுதந்திரம் வந்த அன்று கொடியேற்றத்தில் முன்வரிசையில் நின்றான். கதர் சட்டை வேறு. துரோகி. இந்த ஒரு சொல்லை எழுதத்தான் இத்தனை நாள் பிழைத்துக் கிடந்தேன். அவனையும் செத்தவர்களோடுதான் சேர்க்கிறேன்.

அப்புறம் ராசு. இப்போது பதினாறு வயசு. மில்லுக்குப் போகிறான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன வாரம் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தான். யாரோ ஒருவர் என் பேரைச் சொல்லி, வீடு எது தம்பி என்று கேட்டார்.

“தெரியாதுங்க” என்றான்.