எர்லிந்தா வீட்டில் இருபத்தொரு பிள்ளைகள்

“ஹலோ... ஆமா, எர்லிந்தா கர்சாதான்... எங்கேர்ந்து? கல்வி ஆபீஸா?... ஒரு நிமிஷம் இருங்க.”

கல்லில் தொர்த்தில்லா ரொட்டி தீய்ந்துகொண்டிருந்தது. எர்லிந்தா அதைத் திருப்பிப் போட்டுவிட்டு, ரேடியோவை அணைக்கச் சொல்லிப் புருஷன் பெனீத்தோவைப் பார்த்து முறைத்தாள்.

“சொல்லுங்க மேடம்... ஆமா, ஆமா. டெக்சாஸ்ல நம்ம ஊரு முழுக்க, நம்மள மாதிரி ஸ்பானிஷ் பேசற ஹிஸ்பானிக் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல சேர்றது குறையுது. டிவியில கோடு போட்டுக் காட்டினாங்களே, சறுக்குமரம் மாதிரி... எங்க தெருவுல மட்டும் ஏறுதா? நல்லதுதானே?... தெருவுல இல்லையா? எங்க வீட்டுல மட்டுமா?... இருபத்தொண்ணு... சரியாத்தான் எண்ணியிருக்கீங்க.”

பெனீத்தோ சிலுவை போட்டுக்கொண்டான். அந்த வீட்டில் இருந்தது புருஷன், பெண்டாட்டி, ஒரு கிழ நாய். ரயில் பாதைக்கு அப்பால் இருந்த பள்ளிக்கூடத்தை, பிள்ளைகள் போதவில்லை என்று போன வருஷம் பூட்டினார்கள். அங்கே படித்தவர்களை எங்கோ கண்காணாத தூரத்துக்கு மாற்றினார்கள். எர்லிந்தா வீட்டு முகவரி இருந்தால் ரயில் பாதைக்கு இந்தப் பக்கமுள்ள பள்ளிக்கூடத்திலேயே இடம். அன்றிலிருந்து தாய்மார் ஒவ்வொருத்தியாக வந்து முகவரிச் சான்றுக்கு அவள் வீட்டு மின்சார ரசீதை நகலெடுத்துப் போனார்கள்.

“பெத்தது இல்ல மேடம். ஞானப்பிள்ளைங்க... எல்லாருமேதான். ரமீரோவுக்கு ஞானஸ்நானத்துல நான்தான் ஞானத்தாய். யெசேனியாவுக்கு, சர்ச்சுல முதல் அப்பம் வாங்கின புதுநன்மையில. பதினஞ்சாவது பிறந்தநாள்னா நம்ம ஜனத்துல வாங்கித் தர்ற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஞானத்தாய் உண்டே, உங்களுக்குத் தெரியாததா? ஒருத்திக்கு நான் கேக்குக்கு, இன்னொருத்திக்குச் செருப்புக்கு... ஏன், செருப்புக்கு ஞானத்தாய்னா வீட்டுல வெச்சுக்கக் கூடாதுன்னு சட்டமா?... இல்லல்ல? அப்புறம் என்ன... குளியலறையா? ஒண்ணுதான்... ஆமா, காலையில கொஞ்சம் நெருக்கடிதான்.”

அவள் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. சட்டென்று நிமிர்ந்தாள்.

“என்னது, பஸ்ஸா?... எங்க வாசலுக்கேவா? நாளைக்கேவா?... வேண்டாங்க, நடந்தே போயிடுவாங்க... ஓ, ஓட்டறவரு தலை எண்ணுவாரா?... வராத பிள்ளை பேரை அடிச்சிருவீங்களா... இல்ல இல்ல, வருவாங்க. எல்லாரும் வாசல்ல நிப்பாங்க.”

பெனீத்தோ தாய்மாருக்குச் சொல்ல, செல்போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். நாளைக்கு ரயில் பாதைக்கு அப்பாலிருந்து கிளம்பும் வண்டிகளெல்லாம் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்து, பிள்ளைகளை இங்கே இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, திரும்ப அதே பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

“ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? குறைஞ்சுபோச்சு, குறைஞ்சுபோச்சுன்னு பூட்டிட்டீங்க. பூட்டினா மிச்சமிருந்த பிள்ளைங்க ஆவியாவா போயிடும்? எங்கயாவது போய்ச் சேரணுமில்ல?... ஹலோ?... ஹலோ, இருக்கீங்களா?”

கல்வி ஆபீஸ் அம்மாள் இருந்தாள். மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“ஏன் குசுகுசுன்னு பேசறீங்க?... கதவைச் சாத்திட்டீங்களா? சரி... யாரு, உங்க அக்கா மகனா?... ரயில் பாதைக்கு அந்தாண்டையா?... ம்... ம்... புரியுது. ஞானஸ்நானம் ஆயிடுச்சா?... ஆயிடுச்சா, சரி. புதுநன்மை?... இன்னும் இல்லையா? அப்போ அதுக்கு நான்தான் ஞானத்தாய். காலையில பஸ்ஸுக்கு முன்னாடி கொண்டாந்து விட்டுடச் சொல்லுங்க... மேடம் எல்லாம் எதுக்குன்னு நீயே சொல்றியா? சரி மகளே... இல்ல, மின்சார ரசீது வேண்டாம், அதான் உன் ஆபீஸ்லயே இருபத்தொரு நகல் இருக்கே... ஆங், மறந்துடாத. டிவியில காட்டின அந்தக் கோட்டை எங்க வீட்டுக்கிட்ட இன்னும் கொஞ்சம் மேல ஏத்தி வரைஞ்சுக்கோ.”

போனை வைத்துவிட்டு, கருகிய தொர்த்தில்லாவை நாய்க்குப் போட்டாள்.