அக்கரை அண்ணனோடு வழக்காடிய எங்கள் தலைவிக்கு

சொல்லில் செம்மையும் செயலில் சீர்மையும் சினத்திலும் சிரிப்பும் குன்றாப் பெருந்தகையே! சரக்கு அனுப்பும் இந்நிறுவனத்தில் மின்னணு ஆவணப் பிரிவை உருவாக்கிய தலைவியே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு, தங்களிடம் தொழில் பழகிய நாங்கள் கனத்த நெஞ்சோடு வாசித்தளிக்கும் மடல் இது.

கப்பல் வந்து நிற்கும். காகிதம் வந்து சேராது. பழப்பெட்டிகள் வெயிலில் அழுகும். அந்த அவலம் தீர, விலைப்பட்டியலும் சரக்குப் பட்டியலும் கணினியிலிருந்து கணினிக்கே செல்ல வழி வகுத்தீர்கள். அதற்கு இரு கரையாரும் ஒரு பொருளை ஒரே குறியீட்டால் அழைத்தாக வேண்டும். அக்கரைத் துறைமுகத்தில் அதே பொறுப்பில் இருந்தவரோடு தொலைபேசியில் தாங்கள் மல்லுக்கு நின்றதை மறப்போமா? பலகைமேல் அடுக்கிக் கட்டிய பெட்டிகளை ஒன்றென எண்ணுவதா, நாற்பதென எண்ணுவதா என்பதிலேயே ஒரு கோடை கழிந்தது.

"நீ எண்ணுறது பெட்டிய, நான் எண்ணுறது பலகைய. நடுவுல கப்பல்காரன் எதை எண்ணுவான், தங்கச்சி?" என்று ஒலிபெருக்கியில் அவர் கேட்க, அறையே சிரித்தது. இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் குறிப்பதென முடிவாயிற்று. அன்றுமுதல் அவர் தங்களுக்கு அண்ணன். தங்கள் மகளின் காய்ச்சலை அவர் விசாரிப்பார். அண்ணியாரின் மூட்டுவலியைத் தாங்கள் விசாரிப்பீர்கள்.

இணைப்பு சீரானது. பிழை குறையக் குறையப் பேச்சும் குறைந்து, ஒருநாள் நின்றே போயிற்று. ஏன் அழைப்பதில்லை என்று நாங்கள் கேட்டபோது, "கூப்பிட்டா என்ன பிரச்சினைன்னு கேப்பாரு. எல்லாந்தான் நல்லா ஓடுதே, என்னன்னு சொல்றது?" என்றீர்கள். அவரும் அப்படியே எண்ணியிருக்கக்கூடும்.

விடைபெறும் செய்தியைச் சொல்லவேனும் சென்ற மாதம் அழைத்தீர்கள். எடுத்தவர் புதியவர், எந்த ஆவணத்தில் சிக்கல் என்றார். சிக்கலில்லை, அண்ணனிடம் பேச வேண்டும் என்றீர்கள். அவர் மறைந்து ஓராண்டாகிறது என்றார். அந்த ஓராண்டும் அங்கிருந்து ஆவணங்கள் நாள்தோறும் வந்துகொண்டுதான் இருந்தன. ஒன்றிலும் ஓர் எழுத்துப் பிசகில்லை. தொலைபேசியை வைத்த கையை எடுக்காமல் தாங்கள் நின்றீர்கள்.

நாளை மறுநாள் அண்ணியாரைக் காணக் கடல் கடக்கிறீர்கள். "போய் என்ன பேசப் போறேன்னு எனக்கே தெரியல. ஆனா போகணும்" என்று நேற்றுச் சொன்னீர்கள். காலம் தாழ்ந்த பயணந்தான், அம்மா. ஆயினும் போய் வாருங்கள். அழுது தீர்க்க அங்கே ஒரு தோள் கிடைக்கட்டும்; அதன்பின் வரும் ஆண்டுகள் நோயின்றி, நிறைவோடு, நெடிது நீளட்டும்!

என்றும் தங்கள் அன்பில்,
ஆவணப் பிரிவுப் பணியாளர்கள்