மிக்க திருப்தியை நம்பாத டவுட்டு சாருக்கு

எரிவாயுக் குழாய் நிலையத்தின் எச்சரிக்கை மணியே! வாடிக்கையாளர் மனமறியும் வல்லவரே! வைத்த தேநீரையும் முகர்ந்த பின்பே வாயில் வைக்கும் விழிப்புடையவரே! "டவுட்டு சார்" என்று நாங்கள் வைத்த பட்டப்பெயரை உங்கள் காதில் போட்டவர் யாரென்று இன்றுவரை துப்புத் துலக்கிவரும் தூயவரே! பணி ஓய்வு பெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

எரிவாயுவை எடுப்பவர் வேறு, எரிப்பவர் வேறு. நடுவே கொண்டுசேர்ப்பது நம் வேலை. நம் குழாயில் எரிவாயு பெறும் பதினான்கு ஆலைகளும் ஆண்டுதோறும் கருத்துப்படிவத்தில் "மிக்க திருப்தி" என்று குறித்தனுப்ப, சிறந்த நிலையத்துக்கான கேடயத்தை வாங்கிவைத்து நாங்கள் பூரித்திருந்தோம். நீங்கள் மட்டும் முகம் சுளித்தீர்கள். "பதினாலு பேருக்கும் ஒரு குறைகூட இல்லையா? வீட்டுச் சாப்பாட்டுக்கே தினம் நாலு குறை வருதே!" என்றீர்கள்.

விடுப்பு நாளில் சொல்லாமல் கொள்ளாமல் கண்ணாடி ஆலைக்குப் போனீர்கள். மேலாளரின் சிரிப்பைத் தாண்டி உலைக்காரப் பெண்மணியிடம் கேட்டீர்கள். "குறை எழுதினா வால்வை மூடிட்டீங்கன்னா? உங்களை விட்டா எங்களுக்கு வேற குழாய் ஏது சார்?" என்றார் அவர். எரிவாயு பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டோடு கருத்துப்படிவத்தையும் சேர்த்துக் குத்தி அனுப்பியது நாம்தான். இரண்டும் ஒன்றென்று எண்ணிச் சிலர் படிக்காமலும், மற்றவர்கள் பயந்தும் குறித்திருக்கிறார்கள். மாலைதோறும் எரிவாயு அழுத்தம் இறங்கி உலை தணிவதையும் அவர் காட்டினார். இன்னும் தணிந்திருந்தால் உருகிய கண்ணாடி உள்ளேயே இறுகி, உலையும் போய், நூறு குடும்பங்களின் பிழைப்பும் போயிருக்கும். குற்றம் நம் வடிகட்டியில். சுத்தம் செய்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து. உள்ளே உள்ளங்கைக் கனத்துக்கு அழுக்கு!

நீங்கள் தலைமையகத்துக்கு எழுதினீர்கள். உலை பிழைத்தது, கேடயம் போயிற்று. "இவரு எதிர் கம்பெனி ஆளோ?" என்று உங்கள் மேசை இழுப்பறையைத் துழாவியவர்கள் நாங்கள். அகப்பட்டவை இருமல் மாத்திரையும் மூக்குக்கண்ணாடித் துணியும். மூன்று மாதம் உங்களோடு பேசவில்லை. தனியே அமர்ந்து நீங்கள் சாப்பிட்டதைப் பார்த்தும் பேசவில்லை. அதை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. மறு ஆண்டு முப்பத்தெட்டுக் குறைகள் வந்தன. "இப்பத்தான் நம்மளை நம்பறாங்க" என்று நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் பற்களை நாங்கள் கண்டது அன்றுதான்.

ஐயா, நோய்நொடியின்றி நெடுநாள் வாழ்க! எல்லாம் நலம் என்று மருத்துவர் சொன்னால் இன்னொரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். இம்மடலையும் நீங்கள் ஐயப்படுவீர்கள் என்பதால் எவரையும் வற்புறுத்தாமல் கையெழுத்து வாங்கினோம். பதினெட்டுப் பேரில் வடிகட்டிப் பொறுப்பாளர் மட்டும் போடவில்லை. "அவரு எழுதினது நிஜந்தான். ஆனா எனக்கு இன்னும் கோபம் தீரலை. பொய்க் கையெழுத்து ஒருதடவை போட்டதே போதும்" என்றார்.

அவரது இடத்தை வெறுமையாகவே விட்டு மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டிருக்கிறோம். அதைப் பார்த்தாவது மற்ற பதினேழையும் நம்புங்கள்.

அன்புடன்,
நிலையப் பணியாளர்கள் பதினேழு பேர்