வசிப்போர்: இருவர்

அய்யா,

தங்கள் மெமோ செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வீட்டை இடிக்க அனுமதி கேட்கிறவர்கள் மனுவின் ஏழாம் பத்தியான ‘வசிப்போர்’ பகுதியைக் கவனித்து நிரப்புவதில்லை என்று உங்கள் ஓவர்சியர் வருத்தப்பட்டார். நியாயம்தான். நான் பள்ளிக்கூட வாத்தியார். விடைத்தாளில் வெறுமையாக விட்ட இடங்களைப் பார்த்தால் எனக்கும் அதே வருத்தம் வரும்.

தனியாகக் குடியிருக்கும் நான் ‘வசிப்போர்: இருவர்’ என்று எழுதியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டி மூன்று வருடமே ஆன வீட்டை எதற்காக இடிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

1958இல் இதே மனையில் இருந்த அப்பாவின் பழைய வீட்டை இடிக்க மனுப் போட்டேன். சாத்தூரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் புது வீடு வேண்டும் என்றார்கள். நான் வாடகை வீட்டுக்குப் பெட்டி படுக்கையை மாற்றிவிட்டு, ஏழாம் பத்தியில் ‘யாருமில்லை’ என்று எழுதினேன்.

பின்னறையில் என் தங்கை தேவமணி இருந்தாள்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தபோது வெடிமருந்து தீப்பற்றியதில் அவளுக்கு இரண்டு கண்களும் போயின. முகமும் முகமாக இல்லை. மதுரை ஆஸ்பத்திரியிலேயே இருப்பதாக ஊருக்குச் சொல்லச் சொன்னது அவள்தான். பெண் வீட்டாருக்கும் அதையே சொன்னேன். நாலு வருடம் அவள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. தினமும் ஐந்து மணிக்கு, பள்ளி விட்டு வந்ததும், சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு நாவல்களை உரக்க வாசிப்பேன். எல்லாம் பனி பெய்யும் தேசத்துக் கதைகள்.

“பனின்னா எப்படிண்ணே இருக்கும்?”

“வெடியுப்பு மாதிரி. வெள்ளையா, தெரு முழுக்க.”

“அய்யய்யோ, அம்புட்டும் தெருவுலயா? எவனாவது பீடியக் கீழ போட்டுறப் போறான்!” என்று சிரிப்பாள்.

நான் நிறுத்தினால் சுவரில் மூன்று தட்டு விழும். மேலே வாசி என்று அர்த்தம்.

வசிப்பவர் சம்மதித்துக் காலி செய்தால்தான் அனுமதி என்பது உங்கள் விதி. அவளிடம் கேட்டேன்.

“இந்த நாலு சுவத்துக்குள்ளதாண்ணே எனக்குத் தடம் தெரியும். வேற எங்கன போனாலும் முட்டிக்கிடுவேன். நான் வரல.”

அவள் பேச்சை மதித்தேன். மறுபடி கேட்கவில்லை.

ஓவர்சியர் பார்வையிட வந்த அன்று, “ஆளுக வாராக. நான் சொல்ற வரைக்கும் சத்தம் காட்டாத” என்று அவளிடம் சொல்லிப் பின்னறையைப் பூட்டினேன். உள்ளே பழைய சாமான் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். அவர் மேல் பிழையில்லை.

இடித்த அன்று காலையிலும் அவளிடம் அதையேதான் சொன்னேன்.

கொத்தனார் சோணைமுத்து பின்னறைச் சுவரின் அடியைப் பறித்து, கயிறு கட்டினார். பிறகு சுவரில் காதை வைத்தார்.

“சார், உள்ள என்னமோ தட்டுது.”

“பெருச்சாளி.”

“எண்ணி எண்ணி மூணு தட்டால்ல தட்டுது! வாத்தியார் வீட்டுப் பெருச்சாளி, கணக்கு படிச்சிருக்கும் போல.”

ஆட்கள் சிரித்தார்கள். நான் அனுமதித் தாளை நீட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

“சர்க்கார் சீலே இருக்கு. ஏலே, இழுங்கலே.”

மட்டப்பாக் கூரை ஒரே வீச்சில் இறங்கியது. இடிபாட்டை அள்ள வேண்டாம், தரை மட்டம் உயரட்டும் என்று சொல்லிவிட்டேன். அதன் மேல்தான் புது வீட்டின் கூடம் இருக்கிறது.

ஐந்து மணிக்குத் தரைக்குள்ளிருந்து மூன்று தட்டு வரும். பனியில் வண்டி சிக்கிக்கொண்ட இடத்தில் நாவலை நிறுத்தியிருந்தேன். நாற்பது பக்கம் மிச்சம் இருந்தது. இதுவரை ஆறு முறை முடித்துவிட்டேன். தட்டல் நிற்கவில்லை; முறைப்படி மறுபடி இடித்தாலாவது நிற்குமா என்றுதான் இந்த மனு. என் மனைவி இரண்டாம் மாதமே சாத்தூர் போய்விட்டாள். அவளுக்குத் தட்டல் கேட்டதில்லை. தரையைப் பார்த்து நான் வாசிப்பதுதான் கேட்டது.

ஆகவே, இருவர். இந்த முறை பொய் எழுத மனம் வரவில்லை.

வசிப்பவரின் சம்மதத்தையும் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் மனுவோடு இணைக்கிறேன். தாங்கள் தயவுசெய்து தேதி கொடுக்க வேண்டும். ஆட்கள் எதற்கு வருகிறார்கள் என்பதை இம்முறை தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். போன முறை அதைச் சொல்லாமல் விட்டேன். நான் செய்த பிழை அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
ஞா. இன்பராஜ்