முனைவர் லிபியா வலப்பக்கமாக வந்தார்

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பொறியியல் கல்லூரி முதல்வர் முனைவர் குருமூர்த்தி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் எங்கள் ஆலையின் பொதுமேலாளர் அவர்களே, ஆய்வுக்கூடத்து மாணவ மாணவியரே, ஷிஃப்ட் முடிந்த கையோடு சீருடையில் வந்து பின்னால் நின்றுகொண்டிருக்கும் தோழர்களே, தோழியரே! பெற்ற மகளின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் ஐயா மைக்கேல்ராஜ் அவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் முனிவேல். அசெம்பிளி பிரிவில் ஷிஃப்ட் இன்சார்ஜ். இருபத்திரண்டு வருடமாக ஓசூரில் அதே ஷெட்டில் வேலை செய்கிறேன். சங்கத்து மேடைகளில் தொண்டை கிழியக் கத்தியவன். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காது. முதல்வர் தயவுசெய்து மணி அடிக்க வேண்டாம்.

இரண்டு வாரங்களுக்கு முன்னால், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆலை திறந்த காலையில், முனைவர் லிபியா மைக்கேல்ராஜ் அவர்கள் எங்கள் ஷெட்டில் இறந்தார். அவர் உருவாக்கிய ரோபோ கையே அவரை அடித்தது. வயது முப்பத்தெட்டு. விசாரணைக் குழுவின் அறிக்கை வரும் திங்கட்கிழமை மேலிடத்துக்குப் போகிறது. ‘இயந்திரத்தை நிறுத்திப் பூட்டும் உரிய முறையைப் பின்பற்றாமல், தமது கவனக்குறைவால் இயந்திரத்தின் எல்லைக்குள் நுழைந்தார்’ என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த வரிக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசத்தான் மேடை ஏறினேன். ஆனால் அவர் எப்படி வேலை செய்தவர் என்று தெரியாமல் போனால், அந்த வரி எவ்வளவு பெரிய அநியாயம் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன்பு கல்லூரியிலிருந்து ஒரு அம்மா வருகிறார், செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாம் என்றார்கள். நாங்கள் சிரித்தோம். வருவார்கள், படம் எடுப்பார்கள், கேன்டீனில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள் என்று நினைத்தோம். லிபியா அவர்கள் படம் எடுக்கவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் எங்களோடு ஏறினார். ஷிஃப்ட் முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இன்னிக்கு எப்போ பயந்தீங்க?” கன்னடத்துக்காரரிடம் “யாவாக பய ஆய்து?” என்று கேட்டார். தெலுங்குக்காரரிடம் தெலுங்கில் கேட்டார். மூன்று மாதம் இதே கேள்வி!

இருபத்திரண்டு வருடத்தில் என்னை யாராவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா? உங்களைக் கேட்டிருக்கிறார்களா? எத்தனை பீஸ் ஆச்சு என்று கேட்டிருக்கிறார்கள். ஏன் லேட் என்று கேட்டிருக்கிறார்கள். எப்போது பயந்தாய் என்று கேட்ட முதல் படித்தவர் அவர்தான்!

ஒரு கூட்டத்தில் ஓர் அதிகாரி நக்கலாகக் கேட்டார், “பயத்தை எந்த யூனிட்ல மேடம் அளப்பீங்க?” லிபியா அவர்கள் அசரவில்லை. “அடியில சார். மிஷினைப் பார்த்து எத்தனை அடி பின்னால போறாங்கன்னு அளப்பேன்” என்றார்.

பெங்களூருவிலிருந்து வேறொரு ஆராய்ச்சிக் குழுவும் வந்தது. கணினிக்குள் ஆலையையே வரைந்துவிடலாம், அதற்குள் பொம்மை மனிதர்களை நடமாடவிட்டு ரோபோவைப் பத்து லட்சம் முறை பழக்கினால் போதும் என்றார்கள். லிபியா அவர்கள் அதை வேண்டாம் என்று சொன்னவரில்லை. அவருடைய மாணவி சௌமியா, இதோ அங்கே உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் எங்கள் ஷெட்டைத் தூண் தூணாகக் கணினியில் வரைந்தவர். ஆனால் அதோடு நிறுத்த லிபியா அவர்கள் ஒப்பவில்லை. “நீங்க வரைஞ்ச ஆளுக்குத் தும்மல் வராது, முதுகு அரிக்காது, பிள்ளைக்குக் காய்ச்சல்னு போன் வராது. எங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் வரும்” என்றார். எங்க ஆளுங்க! எலத்தகிரி கிராமத்தில் பிறந்து, பெரிய படிப்புப் படித்த பெண், எங்களைத் தன் ஆட்கள் என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் அந்த ரோபோ கை. ஆள் உயரத்துக்கு மேல் இருந்ததால் ‘நெட்டையன்’ என்று பெயர் வைத்தோம். மற்ற ரோபோக்களுக்குக் கம்பிக்கூண்டு உண்டு. நெட்டையனுக்குக் கூண்டு கிடையாது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக இரண்டு கேமரா. ஆள் கிட்டே வந்தால் வேகத்தைக் குறைக்கும், இன்னும் கிட்டே வந்தால் நின்றுவிடும். ஆளுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும். எங்கள் லைனில் வேலை செய்யும் சரசம்மாவுக்கு, முன்பு தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகு எந்த மிஷின் முன்னாலும் மூன்று அடி தள்ளித்தான் நிற்பார். அவருடைய நடையையும் கையையும் பார்த்துப் பார்த்து, ஒரு மாதத்தில் நெட்டையன் அவருடைய வலது கைப்பக்கமாகப் பார்த்து, பொருத்த வேண்டிய பாகத்தை மெல்ல நீட்டக் கற்றுக்கொண்டது. சரசம்மா சொன்னதை நான் மறக்கமாட்டேன்: “எங்க ஊட்டுக்காரரு முப்பது வருசமா கத்துக்காததை இது ஒரே மாசத்துல கத்துக்கிச்சுங்க!” ஷெட்டே சிரித்தது. லிபியா அவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் யார் பேச்சையும் கேட்கமாட்டார். நெட்டையனில் எந்த மாற்றம் செய்தாலும், அதன் முன்னால் முதலில் அவர்தான் போய் நிற்பார். ஆலை இரண்டு நாள் மூடித் திறந்தாலும் அப்படித்தான். “நான் நிக்காத இடத்துல சரசம்மாவை நிக்கச் சொல்ல மாட்டேன்” என்பார். இது அனுமதி வாங்கிய சோதனை. ஆறு வருடம் எல்லோரும் பார்த்த சோதனை. இதைத்தான் இன்றைக்குக் கவனக்குறைவு என்கிறார்கள்!

இனி நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆயுத பூஜைக்கு நம் ஊர் ஆலைகளில் என்ன செய்வோம்? மிஷினைக் கழுவுவோம், சந்தனம் பூசுவோம், குங்குமம் வைப்போம், மாலை போடுவோம். நெட்டையனுக்கும் உண்டு. நம் ஆட்களுக்குப் பொட்டு வைக்க நெற்றி வேண்டும். ரோபோவுக்கு நெற்றி ஏது? கேமராதான் கண் மாதிரி இருக்கிறது, அதன் மேலேயே அப்பிவிடுவார்கள். முதல் வருடம் அப்படி அப்பியதும் நெட்டையன் அசையாமல் நின்றுவிட்டது. கண் மறைந்தால் நிற்க வேண்டும் என்று லிபியா அவர்கள் அதற்குள் எழுதி வைத்திருந்தார். அவர் கோபப்படவில்லை. “பூஜை செய்ங்க, தாராளமா செய்ங்க. கண்ணை மட்டும் விட்டுடுங்க” என்று சொல்லி, அடுத்த வருடத்திலிருந்து பூஜைக்கு முன்னால் அவரே வந்து இரண்டு கேமராவுக்கும் பேப்பர் ஒட்டி மூடுவார். பூஜை முடிந்ததும் பிரிப்பார். மாதா கோவிலுக்குப் போகிற பெண், எங்கள் பூஜைக்குக் கை கட்டி நின்று பொரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

இந்த வருடம் அவர் ஒரு கருத்தரங்குக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். பூஜையன்று காலை எனக்குப் போன் செய்தார். “அண்ணா, நெட்டையனுக்குக் கண்ணை மூடிட்டீங்களா?”

நான் என்ன சொன்னேன்? “ஆச்சுங்க மேடம்” என்றேன்.

ஆகவில்லை. பேப்பரையே நான் எடுக்கவில்லை. வாழைக்கன்று கட்டும் வேலையில் நின்றிருந்தேன். பிறகு செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். தோழர்களே, ஆலையில் நாம் எல்லோரும் சொல்கிற வார்த்தை இது. மேலே இருப்பவர் கேட்டால் ஆச்சுங்க. செய்யாவிட்டாலும் ஆச்சுங்க. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்! ஒரு முறைகூட யாரும் சாகவில்லை. அதனால் அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. “தேங்க்ஸ் அண்ணா, எனக்குக் கொஞ்சம் பொரி எடுத்து வையுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு கேமராவிலும் சந்தனம் ஏறியது. ஆலை திறந்த காலையில் நெட்டையன் நகரவில்லை. லைன் நின்றது. மேலிருந்து போன் மேல் போன். இடப்பக்கக் கேமராவைத் துடைத்தேன். வலப்பக்கத்தது உயரத்தில், கையின் அடியில் இருக்கிறது. ஏணி வேண்டும். பூஜையன்று ஏறிச் சந்தனம் பூசிய ஏணி பெயின்ட் ஷாப்புக்குப் போயிருந்தது. ஆள் அனுப்பினால் கால் மணி நேரம் ஆகும். வெறும் கால் மணி நேரம்! என்னிடம் பைபாஸ் சாவி இருந்தது. ஒரு கண் தெரியாவிட்டாலும் ஓடு என்று சொல்கிற சாவி. ரிப்பேர் நேரத்துக்கு மட்டும் என்று கொடுத்தது. அதைத் திருப்பினேன். மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அந்த விளக்குக் கம்பத்தின் மேல் இவ்வளவு பெரிய சாமந்தி மாலை. வெளிச்சம் வெளியே தெரியவில்லை. டீ இடைவேளையில் துடைத்துக்கொள்ளலாம் என்று அடுத்த லைனுக்குப் போய்விட்டேன்.

ஏழரை மணிக்கு லிபியா அவர்கள் கோயம்புத்தூரிலிருந்து நேராக வந்தார். தோளில் பை, கையில் அளவு டேப். சரசம்மா வேலைக்கு நிற்கும் முன்னால் தான் நின்று பார்க்க வேண்டும் என்று போனார். அன்றைக்கு வலப்பக்கமாகப் போனார்.

அவர் பார்க்காமல் போகவில்லை! நெட்டையனைப் பார்த்துக்கொண்டே போனார். அது தன்னைப் பார்க்கிறது என்று நம்பிப் போனார். என்னை நம்பிப் போனார்! எட்டுக் கிலோ கியர் கேசிங்கைத் தூக்கிக்கொண்டு திரும்பிய கை, அவரைத் தூணோடு வைத்து அடித்தது. சரசம்மா அலறிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மூன்றடி தள்ளி நிற்கும் அந்த அம்மாள்தான் ஓடிப்போய் அவரை மடியில் தாங்கினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் களேபரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சாவியைத் திருப்பிப் பாக்கெட்டில் போட்டேன். பிறகு ஏணி வந்தது. ஏறித் துடைத்தேன். விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது இரண்டு கேமராவும் பளிச்சென்று இருந்தன. எல்லாம் சரியாக இருந்தது என்று கையெழுத்துப் போட்டேன். துப்புகிறவர்கள் துப்பலாம், இங்கேயே துப்பலாம்.

பிணவறை வாசலில் ஐயா மைக்கேல்ராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “எம் பொண்ணு ரோடு தாண்டறதுக்கே ரெண்டு பக்கமும் மூணு வாட்டி பாக்கும் சார். அது எப்படி சார் பாக்காம போச்சு?” அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன். பாவி, ஆறுதல் வேறு சொன்னேன்! அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அதற்காக யாரும் என் மேல் இரக்கப்பட வேண்டாம்.

பொதுமேலாளர் அவர்களே, எழுந்திருக்க வேண்டாம், முடிக்கப்போகிறேன். கூண்டில்லாத ரோபோ ஆபத்து என்று சொல்லி நெட்டையனைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டீர்கள். ஆராய்ச்சியையும் மூடப்போவதாகக் கேள்வி. சரசம்மாவைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டீர்கள். லிபியா அவர்கள் செய்த வேலை தப்பானதா? கண் மறைந்ததும் அது நின்றதே! நிற்கச் சொல்லித்தானே அவர் கற்றுக்கொடுத்தார்! ஓட வைத்தவன் நான். ஒரு திருப்பில் ஓட வைக்கிற சாவியை என் கையில் கொடுத்தது நிர்வாகம். லைன் நின்றால் கால் மணி நேரம்கூடப் பொறுக்காதவர்கள் நாம் எல்லோரும். இதை விட்டுவிட்டுச் செத்தவர் மேல் பழி போட்டால், அடுத்த ஷெட்டில் அடுத்த சாவு விழும்.

ஆகவே இந்த அவையின் முன்னால் உறுதி சொல்கிறேன். சௌமியா, உங்கள் மேடத்தின் நோட்டுகளும் அளவுகளும் உங்களிடம் இருக்கின்றன. அந்த வேலையை நீங்கள் தொடர வேண்டும். சங்கம் உங்கள் பின்னால் நிற்கும். பைபாஸ் சாவியே இல்லாத நெட்டையனை நீங்கள் செய்யுங்கள். வேலை போனாலும், வழக்கு வந்தாலும், சிறைக்குப் போனாலும், நான் வெளியில் இருக்கும் நாளெல்லாம் சோதனைக்கு முதல் ஆளாக நான் வந்து நிற்கிறேன். வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் வேண்டும் என்றால் தோழர்கள் முறை வைத்துக் கேட்பார்கள். கேட்பீர்களா? சத்தமாகச் சொல்லுங்கள்! சரி. உட்காருங்கள்.

நடந்ததை எல்லாம் மணி, நிமிடத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பழைய சாட்சியத்தை வாபஸ் வாங்குகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். ஒரு பிரதி விசாரணைக் குழுவுக்கு இன்று காலையே போய்விட்டது. இன்னொன்று காவல் நிலையத்துக்கு. இந்த மூன்றாவது பிரதி ஐயா மைக்கேல்ராஜ் அவர்களுக்கு.

ஐயா, அன்றைக்கு நீங்கள் கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது. உங்கள் மகள் பார்த்துத்தான் போனார். நான் இறங்கி வந்து உங்கள் கையில் தருகிறேன். வாங்கமாட்டேன் என்றால் உங்கள் காலடியில் வைத்துவிட்டு, நீங்கள் போகச் சொல்லும் வரை அங்கேயே நிற்கிறேன்.