பரணிதரனின் வலது கால்

டீயில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. மற்றபடி உங்கள் ஸ்டேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் துப்பறியும் நாவல் எழுதுகிறவன். எல்லாவற்றிலும் ஒரே கதாநாயகன், பரணிதரன். என் சிநேகிதன் சுப்பராயனைப் பார்த்துத்தான் அவனை எழுதினேன். தோல் பதனிடும் டேனரியில் அடிபட்டு இடது கால் நொண்டிப்போனவன் சுப்பராயன். "புக்குல வர்றது நான்தான்" என்று ஆம்பூர் முழுக்கச் சொல்லித் திரிவான்.

ஏழாவது நாவலில் கைதவறி வலது காலை நொண்ட வைத்துவிட்டேன். வேறு ஊரில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இங்கே என் வாசகர்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனிக்காரர்கள். மாதனூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் மெர்சி என்ற பெண் உரக்கப் படிப்பாள், பஸ்ஸே கேட்கும். நாள் முழுக்க இடதையும் வலதையும் ஜோடி சேர்க்கிறவர்களிடம் போய்க் காலை மாற்றலாமா?

வாசகர் கூட்டத்தில் மெர்சி எழுந்தாள். "இன்னா சார், கால் மாறிப்போச்சே?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. "பரணிதரன் நெஜ ஆளும்மா, என் தோஸ்த். அவனுக்கு ரெண்டு காலும் நொண்டும்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ ஞாயித்துக்கெழம வந்து பாக்கறோம் சார்."

அச்சான புத்தகத்தைத் திருத்த முடியாது. சுப்பராயனைத் திருத்தலாம். சனிக்கிழமை அவன் வீட்டு மாடிப்படியில், தோலுக்குப் போடும் எண்ணெயைக் கொஞ்சம் தடவினேன். வலது கால் அழகாக உடைந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். மறுநாள் மெர்சி சாத்துக்குடியோடு வந்து பார்த்தாள். "எல்லா புக்கும் கரெக்ட்தான் சார்" என்றாள். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது பார்த்து சுப்பராயனின் மனைவி எழிலரசி ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள்.

மெர்சி என் காதோரம் கேட்டாள். "பரணிதரன் சம்சாரம் நாலாவது புக்குலயே செத்துட்டாங்களே சார்?"

சின்னப் பெண், என்ன ஞாபகம் பாருங்கள்.

நாலாவது நாவலில் பரணிதரன் மனைவி மதியத் தூக்கத்திலேயே, வலியில்லாமல் போயிருந்தாள். அதில் ஒரு வரிகூட மாறாமல் பார்த்துக்கொண்டேன். மோரில் தூக்க மாத்திரையைக் கலந்தது எழிலரசிக்குத் தெரியவே இல்லை. நல்லா இருக்குண்ணா என்று சொல்லிக் குடித்தாள்.

சுப்பராயன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். நீங்கள் விஷயத்தைச் சொல்லும்போது, இனி என் புத்தகங்களில் ஒரு பிழையும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அம்மா. கேட்டால் ரொம்ப சந்தோஷப்படுவான்.